ஜிப்ஸியின் ஹேண்ட் பிரேக் பிடிக்கவில்லையா? கேபிளை முறுக்கும் முன் டிரம்மைத் திறங்கள்

கோத்தகிரி மாதிரி ஊரில் பழைய மாருதி ஜிப்ஸி வைத்திருப்பவருக்கு ஹேண்ட் பிரேக் இல்லாமல் ஒரு நாளும் ஓடாது. கடை வாசல் சரிவு, வீட்டு வாசல் சரிவு, எஸ்டேட் கேட்டும் சரிவு. ஆர்.சி. புதுப்பிக்க வேண்டிய சமயத்தில் என் வண்டியின் ஹேண்ட் பிரேக் கைவிட்டது. போன பட்டறைகளில் எல்லாம் கேபிள் நட்டை இரண்டு சுற்று இறுக்கி, "சரியாயிடுச்சு, எடுத்துட்டுப் போங்க" என்று அனுப்பினார்கள். சில நாளில் மறுபடி பழைய கதை. கடைசியில் டிரம்மை, அதாவது பின்சக்கரத்தில் பிரேக்கை மூடியிருக்கும் இரும்புக் கிண்ணத்தை, திறந்து பார்த்தபோதுதான் கேபிளில் எந்தக் குறையும் இல்லை என்பது தெரிந்தது. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்பதற்காகத்தான், எதை முதலில் பார்ப்பது, எதைக் கடைசியில் தொடுவது, என்ன செலவாகும், ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு என்ன எடுத்துப்போவது என்று வரிசையாக எழுதுகிறேன்.

பின்பக்கம் டிரம் பிரேக் உள்ள பொலேரோ, பழைய தார் வண்டிகளுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும். ஷூ (டிரம்மின் உட்புறத்தை அழுத்திச் சக்கரத்தை நிறுத்தும் வளைந்த துண்டு) அட்ஜஸ்ட் செய்யும் முறை மட்டும் வண்டிக்கு வண்டி மாறும், அதை அந்தந்த சர்வீஸ் கையேட்டில் பாருங்கள்.

1. முதலில் குறை என்ன என்று பிரித்துப் பாருங்கள்

"ஹேண்ட் பிரேக் சரியில்லை" என்று சொன்னால் அதில் நான்கு வெவ்வேறு குறைகள் இருக்கலாம்: லிவர் மேலே வரை வந்தும் பிடிக்காதது, லிவர் கல் மாதிரி இறுகியும் வண்டி உருள்வது, இழுத்த லிவர் தானாகக் கீழே விழுவது, விடுவித்த பிறகும் சக்கரம் இறுகியே நிற்பது. ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு.

சமதளத்தில் நிறுத்தி லிவரை மெதுவாக இழுத்து கிளிக் எண்ணுங்கள். ஐந்திலிருந்து எட்டுக்குள் கெட்டியாகப் பிடித்தால் சரி. பத்து, பன்னிரண்டு என்று போனால் ஷூ தேய்ந்திருக்கிறது, அல்லது ஷூவுக்கும் டிரம்முக்கும் இடைவெளி கூடிவிட்டது, கேபிள் நீண்டிருப்பது அதற்குப் பிறகு சந்தேகப்பட வேண்டியது. மூன்று கிளிக்கிலேயே இறுகுகிறது, ஆனால் வண்டி உருள்கிறது என்றால், லைனிங்கில் (ஷூ மேல் உள்ள உராய்வுப் பட்டை) எண்ணெய் இறங்கியிருக்கலாம், அல்லது கேபிள் உறைக்குள் துருப்பிடித்து மாட்டியிருக்கலாம். இழுத்து வைத்த லிவரைப் பக்கவாட்டில் கையால் தட்டிப் பாருங்கள். நழுவி இறங்கினால் லிவருக்குக் கீழே உள்ள பல்சக்கரமும் கொக்கியும் தேய்ந்துவிட்டன. அதற்கு டிரம்மைத் திறக்கத் தேவையில்லை, லிவர் அசெம்பிளியை மாற்றினால் போதும்.

இறுகி நிற்கும் சக்கரத்தைக் கண்டுபிடிக்க ஐந்தாறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, இரண்டு பின்சக்கர டிரம்மிலும் கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள். ஒரு பக்கம் மட்டும் சுரீரென்று ஆவியானால் அந்தப் பக்கம்தான் பிடித்துக்கொண்டிருக்கிறது. கை வைத்துப் பார்க்காதீர்கள், தோல் வெந்துவிடும்.

டேஷ்போர்டில் சிவப்பு பிரேக் விளக்கு அணையவே இல்லை என்றால் லிவர் சுவிட்சை மட்டும் சந்தேகப்பட வேண்டாம். பிரேக் ஆயில் டப்பாவில் அளவு குறைந்தாலும் அதே விளக்குதான் எரியும். அளவு குறைந்திருந்தால் ஊற்றி நிரப்பிவிட்டுப் போய்விடாதீர்கள். லைனிங் தேய்ந்திருக்கிறது, இல்லையென்றால் எங்கேயோ ஒழுகுகிறது.

2. வேலைக்கு முன் வண்டியை நிறுத்தும் விதம்

பார்த்துச் செய்ய வேண்டிய இடம் இதுதான், ஏனென்றால் இந்த வேலை முழுக்க ஹேண்ட் பிரேக்கை விடுவித்த நிலையில் நடக்கிறது. பின்பக்கத்தைத் தூக்கிவிட்டால் வண்டியைப் பிடித்திருப்பது முன்சக்கரங்களுக்கு நீங்கள் கொடுத்த கட்டை மட்டும்தான். அதனால் சிமெண்ட் தரை அல்லது கெட்டியான சமதளம் வேண்டும். இரண்டு முன்சக்கரங்களுக்கும் முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். ஜாக்கியை நம்பி அடியில் கை விடாதீர்கள், ஆக்ஸிலுக்கு ஸ்டாண்டு வைத்த பிறகுதான் சக்கரத்தைக் கழற்ற வேண்டும். ஸ்டாண்டு இல்லையா, இரவல் வாங்குங்கள். செங்கல் அடுக்கி அதன்மேல் வைப்பது கூடவே கூடாது, எடை ஏறும்போது செங்கல் சொல்லாமல் நொறுங்கும்.

"கியரில் போட்டிருக்கிறேனே" என்பதிலும் ஒரு பொறி இருக்கிறது. ஜிப்ஸியில் டிரான்ஸ்ஃபர் கேஸுக்கு (கியர்பாக்ஸ் சக்தியை முன், பின் ஆக்ஸில்களுக்குப் பிரித்து அனுப்பும் பெட்டி) தனி லிவர் உண்டு. அது நியூட்ரலில் இருந்தால் மெயின் கியர் முதலாவதில் இருந்தாலும் சக்கரத்துக்கும் என்ஜினுக்கும் தொடர்பே கிடையாது, வண்டி தாராளமாக உருளும். ஃபோர் வீலில் போட்டுவிட்டோம் என்று நினைத்தாலும், முன்சக்கரத்தை ஆக்ஸிலோடு இணைக்கும் ஹப் லாக் திறந்திருந்தால் முன் ஆக்ஸில் எதையும் பிடிக்காது.

பழைய வில்லிஸ் வகை ஜீப் வைத்திருப்பவர்கள் இதையும் கவனியுங்கள். அதில் ஹேண்ட் பிரேக் சக்கரத்தில் இல்லை, டிரான்ஸ்ஃபர் கேஸுக்குப் பின்னால் ஷாஃப்ட்டில் ஒரு தனி டிரம்மாக இருக்கும். ஒரு பின்சக்கரத்தை மட்டும் தூக்கினால் டிஃபரன்ஷியல் (இரண்டு பின்சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் பல்சக்கர அமைப்பு) வழியாக அந்தச் சக்கரம் சுற்றி, தரையில் இருக்கும் சக்கரத்தையும் உருள விட்டுவிடும். ஹேண்ட் பிரேக் முழுதாக இழுத்திருந்தாலும் வண்டி ஜாக்கியிலிருந்து இறங்கும்.

3. கேபிளைத் தளர்த்துங்கள், பிறகு டிரம்மைக் கழற்றுங்கள்

லிவரை முழுக்கக் கீழே இறக்கி, கேபிள் அட்ஜஸ்ட் நட்டை நன்றாகத் தளர்த்திவிடுங்கள். ஏற்கெனவே யாராவது முறுக்கி வைத்திருந்தால் ஷூ டிரம்மை அழுத்திக்கொண்டே இருக்கும், டிரம் வெளியே வராது.

சக்கரத்தைக் கழற்றி, டிரம்மைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூ அல்லது நட்டு இருந்தால் எடுத்துவிடுங்கள். மழை ஊரில் ஓடிய வண்டியில் டிரம் லேசில் வராது. டிரம் முகத்தில் மரை போட்ட இரண்டு துளைகள் இருக்கும். அவற்றில் 8 மில்லிமீட்டர் போல்ட் இரண்டை ஏற்றி, இந்தப் பக்கம் கால் சுற்று, அந்தப் பக்கம் கால் சுற்று என்று மாற்றி மாற்றி இறுக்கினால் டிரம் தானாகத் தள்ளிக்கொண்டு வரும். துளை துருவேறி இருந்தால் முந்தின இரவே துரு நீக்கும் எண்ணெய் விட்டு வையுங்கள். பெரிய சுத்தியலால் விளிம்பில் அடிப்பவர்களைத் தடுத்துவிடுங்கள். அது வார்ப்பிரும்பு, விரிசல் விட்டால் புது டிரம் வாங்க வேண்டியதுதான்.

ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும் பிரியுங்கள். ஸ்பிரிங் எந்தத் துளையில் மாட்டியிருந்தது என்ற குழப்பம் கட்டாயம் வரும், அப்போது அடுத்த பக்கம் முழுதாக இருந்தால் பார்த்து மாட்டிவிடலாம். போனில் போட்டோவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

உள்ளே இருக்கும் கறுப்புத் தூளை வாயாலோ காற்றுக் குழாயாலோ ஊதாதீர்கள். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்புண்டு, அது நுரையீரலுக்கு ஆகாது. முகக்கவசம் போட்டுக்கொண்டு, பிரேக் கிளீனரோ சோப்புத் தண்ணீரோ தெளித்து நனைத்துத் துடைத்தெடுங்கள். பெட்ரோல் வேண்டாம்.

4. உள்ளே என்ன பார்க்க வேண்டும்

முதலில் ஈரம். லைனிங்கோ பின்தட்டோ (ஷூ மாட்டியிருக்கும் தகடு) ஈரமாக இருந்தால் விரலில் தொட்டு மோந்து பாருங்கள். கெட்டியாக, பிசுபிசுப்பாக, கந்தக நெடி அடித்தால் அது கிரவுனிலிருந்து (பின் ஆக்ஸில் நடுவே உள்ள பல்சக்கரப் பெட்டி) வரும் கியர் ஆயில், அதாவது 90 ஆயில், ஆக்ஸில் ஆயில் சீல் போய்விட்டது. தண்ணீர் மாதிரி நீர்த்து, பெயிண்டை உரித்திருந்தால் அது பிரேக் ஆயில், வீல் சிலிண்டர் (பெடலை மிதிக்கும்போது ஷூவைத் தள்ளுவது) கப் ஒழுகுகிறது. வீல் சிலிண்டரின் ரப்பர் உறையை லேசாகத் தூக்கிப் பார்த்தால் உள்ளே ஆயில் தேங்கி நிற்கும்.

ஆக்ஸில் சீல் போயிருந்தால் சீலை மட்டும் மாற்றிவிட்டு மூடாதீர்கள். கிரவுன் ஹவுசிங்குக்கு மேலே மூச்சு விட ஒரு சிறிய பிரீதர் இருக்கும். சேறு அடைத்து அது மூடிப்போனால், ஓடி ஓடி சூடாகும்போது உள்ளே அழுத்தம் ஏறி, புது சீலையும் தாண்டி ஆயில் டிரம்முக்குள் வரும். ஓடையில், சேற்றில் இறங்கும் வண்டிகளில் இது அடிக்கடி நடக்கிறது, ஆனால் பட்டறையில் யாரும் மேலே எட்டிப் பார்ப்பதில்லை. கழற்றி மண்ணெண்ணெயில் கழுவி மாட்டுங்கள், செலவே கிடையாது.

எண்ணெய் குடித்த லைனிங்கை நெருப்பில் காட்டி எரித்தால் சரியாகிவிடும் என்று சொல்வார்கள். ஆகாது. மேலே காய்ந்த மாதிரி தெரியும், சூடானதும் உள்ளே ஊறிய எண்ணெய் திரும்ப வெளியே வரும். ஷூவை மாற்றுங்கள், அதுவும் இரண்டு பக்கமும் சேர்த்து.

அடுத்து லைனிங் கனம். ஒட்டிய லைனிங் 2 மில்லிமீட்டருக்கு அருகே வந்துவிட்டால் மாற்றும் நேரம் வந்துவிட்டது. ரிவெட் அடித்ததாக இருந்தால் ரிவெட் தலை மேற்பரப்பைத் தொடும் முன்பே மாற்ற வேண்டும், தொட்டுவிட்டால் டிரம்மில் கோடு விழும். டிரம்மின் உட்புறத்தில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் மாட்டும் அளவுக்குக் கோடு இருந்தால் லேத்துப் பட்டறையில் ஒரு கடைசல் கொடுக்கலாம். டிரம்மிலேயே அதிகபட்ச விட்டம் அச்சிட்டிருக்கும், அதைத் தாண்டிக் கடைந்த டிரம்மைப் போடாதீர்கள்.

பலரும் விட்டுவிடுவது ஷூவோடு சேர்ந்திருக்கும் அந்தச் சின்ன பார்க்கிங் லிவர். கேபிள் நுனி மாட்டுவது இதில்தான். இதன் அச்சில் துருவும் சேறும் சேர்ந்து இறுகிப்போனால் கேபிள் இழுக்கும், ஷூ விரியாது. அல்லது விரியும், திரும்பாது. என் வண்டியில் குறை இங்கேதான் இருந்தது: இடது பக்க லிவர் பாதி வழியில் நின்றுவிட்டது, அதனால் அந்தப் பக்கத்தின் தானியங்கி அட்ஜஸ்டர் (லைனிங் தேயத் தேய ஷூவை டிரம்முக்கு நெருக்கமாக நகர்த்துவது) வேலை செய்யவே இல்லை, இடைவெளி கூடிக்கொண்டே போயிருக்கிறது. கழற்றி, கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, அச்சில் வெப்பம் தாங்கும் கிரீஸ் துளி வைத்ததும் விரலால் தள்ளினாலே ஆடியது. பின்தட்டில் ஷூ உரசும் மேடுகளிலும் இதே கிரீஸை மெலிதாகத் தடவுங்கள். லைனிங் பக்கம் ஒரு பொட்டு கிரீஸ்கூடப் போகக் கூடாது.

கேபிளைச் சோதிக்க, சக்கர நுனியில் கழற்றிவிட்டு கையால் இழுத்துப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு வந்து, விட்டதும் தானே உள்ளே போக வேண்டும். உறை கிழிந்து உள்ளே தண்ணீர் போயிருந்தால் எண்ணெய் விட்டுப் பிழைக்க வைக்கப் பார்க்காதீர்கள், அடுத்த மழைக்கு மறுபடி மாட்டும். கேபிள் மாற்றும்போது பழைய கேபிள் போன பாதையிலேயே, அதே கிளிப்புகளில் மாட்டுங்கள். சைலன்சர் குழாயைத் தொட்டுக்கொண்டு போனால் உறை உருகிவிடும்.

5. மாட்டும் வரிசை: ஷூ முதலில், கேபிள் கடைசியில்

ஹேண்ட் பிரேக் பிடிக்காததற்கு இடைவெளி காரணமாக இருக்கும்போது கேபிளை முறுக்கினால், பார்க்கிங் லிவர் தன் ஓய்வு நிலைக்குத் திரும்ப முடியாமல் பாதி இழுத்தபடியே நிற்கும். தானியங்கி அட்ஜஸ்டர் வேலை செய்ய அந்த லிவர் முழுக்கத் திரும்பியாக வேண்டும். திரும்பாவிட்டால் இடைவெளி மேலும் கூடும், கால் பிரேக்கும் கீழே இறங்க ஆரம்பிக்கும். நீங்கள் மறுபடி கேபிளை முறுக்குவீர்கள், மரை தீரும் வரைக்கும். முறுக்கி அனுப்பிய வண்டிகள் திரும்பத் திரும்பப் பட்டறைக்கு வருவது இதனால்தான்.

எனவே கேபிள் தளர்ந்த நிலையிலேயே ஷூவை மாட்டி, டிரம்மைப் போடுங்கள். தானியங்கி அட்ஜஸ்டர் உள்ள வண்டியில் பெடலை இருபது முப்பது முறை நிதானமாக மிதித்தால் ஷூ தன் இடத்துக்கு வந்துவிடும். ஸ்டார் வீல் (கையால் திருப்பும் பல்சக்கர அட்ஜஸ்டர்) உள்ள வண்டியில் பின்தட்டு ரப்பர் மூடியைக் கழற்றி, ஸ்க்ரூடிரைவரால் பல் பல்லாகத் திருப்பி, சக்கரம் லேசாக உரசும் இடத்தைப் பிடித்து, அங்கிருந்து உரசல் போகும் வரை பின்னால் திருப்புங்கள். ரப்பர் மூடியைத் திரும்பப் போட மறக்காதீர்கள், சேறு உள்ளே போகும் வழியே அதுதான். வீல் சிலிண்டரை மாற்றியிருந்தால் டிரம்மை மாட்டியதும் முதலில் பிரேக் லைனில் புகுந்த காற்றை எடுத்துவிட்டு, அப்புறம் பெடலை மிதிக்கும் வேலைக்கு வாருங்கள்.

இதெல்லாம் முடிந்த பிறகு, இப்போதுதான், கேபிள் நட்டு. ஐந்திலிருந்து எட்டு கிளிக்குக்குள் இரண்டு சக்கரமும் கையால் சுற்ற முடியாமல் நிற்க வேண்டும். லிவரை இறக்கியதும் இரண்டும் தடையில்லாமல் சுற்ற வேண்டும். ஒன்று மட்டும் நின்று மற்றது சுற்றினால் சுற்றும் பக்கத்துக் கேபிளையோ ஷூவையோ மறுபடி பாருங்கள். பூட்டு நட்டையும் இறுக்குங்கள், இல்லையென்றால் காட்டுப் பாதைக் குலுக்கலில் தளர்ந்துவிடும்.

6. சரிவில் சோதனை

புது ஷூ போட்ட அன்றே முழுப் பிடியை எதிர்பார்க்காதீர்கள். காலியான சாலையில் மிதமான வேகத்திலிருந்து இருபது முப்பது முறை, நடுவே ஆற விட்டு ஆற விட்டு, பிரேக் பிடித்து லைனிங்கை டிரம்மோடு பழக்குங்கள். அப்புறம் சரிவுக்குப் போங்கள். கூட ஒருவர் கையில் கட்டையோடு நிற்கட்டும். மேடு பார்த்து ஒரு முறை, இறக்கம் பார்த்து ஒரு முறை, இரண்டு திசையிலும் நியூட்ரலில் ஹேண்ட் பிரேக் மட்டும் போட்டு நிறுத்திப் பாருங்கள். ஒரு திசையில் பிடித்து மறு திசையில் நழுவினால் வேலை முடியவில்லை.

ஐநூறு கிலோமீட்டர் ஓடியதும் கிளிக் எண்ணிக்கையை மறுபடி பாருங்கள். ஒன்றிரண்டு கூடியிருந்தால் இயல்புதான், பெடலை மிதித்து ஷூ நெருங்கியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, தேவைப்பட்டால் கேபிளைக் கொஞ்சமாக இறுக்குங்கள்.

7. செலவும் நேரமும்

விலை ஊருக்கு ஊர் மாறும், தோராயமாகச் சொல்கிறேன். பின் ஷூ செட் 800 முதல் 1,500 ரூபாய், வீல் சிலிண்டர் ஒன்று 500 முதல் 900, கேபிள் ஒன்று 600 முதல் 1,500, லேத்துக் கடைசல் டிரம்முக்கு 200 முதல் 400. சுத்தம் செய்து அட்ஜஸ்ட் செய்வது மட்டும் என்றால் கிரீஸும் பிரேக் கிளீனரும் வாங்கும் காசுதான். ஷூவில் ரானே, டிவிஎஸ் கிர்லிங் மாதிரி பெயர் தெரிந்ததையே பில் போட்டு வாங்குங்கள். ஜிப்ஸி உற்பத்தி நின்றுவிட்டதால் மலை ஊர்க் கடைகளில் கேபிள் கையிருப்பு இருக்காது. கோவையில் கேட்டுப் பாருங்கள், சென்னை போகும் ஆள் இருந்தால் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் தேடச் சொல்லுங்கள். பழைய கேபிளைக் கழற்றிக் கையோடு கொண்டுபோய் நீளமும் நுனியும் ஒப்பிட்டு வாங்குவது நல்லது.

முதல் முறை செய்பவருக்கு ஒரு முழு நாள் ஆகும். உதிரிபாகம் வர வேண்டியிருந்தால் ஒரு வாரம் ஒதுக்குங்கள்.

8. ஆர்.சி. புதுப்பிப்புக்குப் போகிறீர்கள் என்றால்

சொந்த உபயோக வண்டிக்கு 15 ஆண்டு முடிந்ததும் பதிவைப் புதுப்பிக்க வேண்டும், பிறகு ஐந்தாண்டுக்கு ஒரு முறை. விண்ணப்பம் படிவம் 25. காலாவதிக்கு 60 நாளுக்கு முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். அந்த 60 நாள் தொடங்கும் முன்பே பிரேக் வேலையை முடித்துவிடுங்கள், ஏனென்றால் மோட்டார் வாகன ஆய்வாளர் வண்டியைப் பார்த்துத்தான் கையெழுத்துப் போடுவார், ஹேண்ட் பிரேக்கையும் இழுத்துப் பார்ப்பார். திருப்பி அனுப்பினால் மறுபடி தேதி, மறுபடி ஒரு நாள் வேலை போகும். தாமதமானால் காருக்கு மாதம் 500 ரூபாய் கூடுதல் கட்டணம். புதுப்பிப்புக் கட்டணமே 2022 ஏப்ரல் முதல் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. 2025 ஆகஸ்டில் 20 ஆண்டு தாண்டிய கார்களுக்கு 10,000 என்று அறிவித்தார்கள். கட்டணம் அடிக்கடி திருத்தப்படுவதால் அரசின் பரிவாகன் இணையதளத்தில் உங்கள் வண்டி எண்ணைப் போட்டு வரும் தொகையையே கணக்கில் வையுங்கள்.

கையில் இருக்க வேண்டியவை: அசல் ஆர்.சி., நடப்பு இன்ஷூரன்ஸ், புகைச் சான்று, பசுமை வரி கட்டிய ரசீது, ஆதார், சேசிஸ் எண்ணின் பென்சில் அச்சு. சேற்றில் ஓடும் வண்டியில் சேசிஸ் எண் துருவில் மறைந்திருக்கும். பிரேக் வேலை செய்யும் நாளிலேயே அந்த இடத்தையும் மண்ணெண்ணெய் துணியால் துடைத்து, அச்சு எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பழைய கடன் ஆர்.சி.யில் இன்னும் பதிவாகி இருந்தால் அதை நீக்கும் வேலையை முதலில் முடியுங்கள், அதற்கு வங்கிக் கடிதம் வர நாளாகும்.

மஞ்சள் போர்டு வண்டி என்றால் எட்டு ஆண்டு வரை இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை எஃப்.சி. (தகுதிச் சான்று), அதற்குப் பிறகு ஆண்டுதோறும். எஃப்.சி. தேதி தாண்டினால் நாளுக்கு 50 ரூபாய் ஏறிக்கொண்டே போகும்.

9. இனி நிறுத்தும்போது

கால் பிரேக்கை மிதித்தபடி நியூட்ரல் போட்டு, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, காலை மெதுவாக எடுத்து வண்டி எடையை ஹேண்ட் பிரேக் தாங்கட்டும். தாங்குகிறது என்று தெரிந்த பிறகு மேடு பார்த்து நின்றால் முதல் கியர், இறக்கம் பார்த்து நின்றால் ரிவர்ஸ். டிரான்ஸ்ஃபர் லிவர் நியூட்ரலில் இல்லை என்பதை ஒரு முறை கண்ணால் பாருங்கள். உருண்டாலும் மண்திட்டில் முட்டி நிற்கும்படி ஸ்டியரிங்கைத் திருப்பி, சக்கரத்துக்குக் கல் கொடுங்கள். ஓட்டுநர் இல்லாத வண்டி பொது இடத்தில் தானாக நகராதபடி பிரேக் போட்டோ வேறு ஏற்பாடு செய்தோ நிறுத்த வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 126ஆவது பிரிவே சொல்கிறது. உருண்டு போய் யார்மீதாவது மோதினால் "பிரேக் வேலை செய்யவில்லை" என்று சொல்லித் தப்ப முடியாது.

மழைக்காலத்தில் டிரம் நனைந்திருக்கும்போது ராத்திரி முழுக்க ஹேண்ட் பிரேக்கை இழுத்து வைத்தால் ஷூ டிரம்மோடு துருவேறி ஒட்டிக்கொள்ளும். ஓடை தாண்டியதும், வண்டி கழுவியதும், கொஞ்ச தூரம் பெடலை லேசாக மிதித்தபடி ஓட்டி டிரம்மைக் காய வையுங்கள். வீட்டில் சமதளம் இருந்தால் அந்த மாதங்களில் கியரும் கல்லும் போதும். காலையில் சக்கரம் ஒட்டியிருந்தால் ஆக்ஸிலரேட்டரை மிதித்துப் பிய்க்காதீர்கள், லைனிங் ஷூவிலிருந்து உரிந்துவிடும். லிவரை இறக்கிவிட்டு, வண்டி நகராதபடி கட்டை கொடுத்து, டிரம்மின் முகத்தில் மரச்சுத்தியலால் நாலு தட்டு தட்டினால் விட்டுவிடும்.